தேருக்கு நிலை உண்டு, வண்டிகளுக்கு எங்கே?

வில்லியனூர் மாட வீதியிலிருந்து பிரியும் சிறு தெரு ஒன்றில் என் தாய்மாமாவின் வீடு இருக்கிறது. நாட்டு ஓடு, நடுவில் முற்றம், வாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. ஓடு பிரித்து மாற்றத் தெரிந்த ஆட்கள் இப்போது கிடைப்பதில்லை. ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள் நாலு இடத்தில் அண்டா வைக்கிறார்கள். பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனிக் குடித்தனம் வேண்டும். இடித்துக் கட்டுவதென்று ஒருவழியாக முடிவாகிவிட்டது. போன மாதம் நான் போயிருந்தபோது மாமா அதே திண்ணையில் உட்கார்ந்து, இன்ஜினியர் போட்டுக்கொடுத்த பிளானை மடியில் விரித்து வைத்திருந்தார்.

மேலே மூன்று மாடி, நான்கு குடித்தனம். கீழே வீடு இல்லை, தூண்கள் மட்டும். தூண்களுக்கு நடுவே வரிசையாகச் செவ்வகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 'கார்' என்று எழுதியிருந்தது.

"எங்கிட்ட இருக்கறது ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி, மாப்ள. பெரியவங்கிட்ட ஒரு பைக்கு. இந்த நாலு காரும் யாருது?" என்று கேட்டார்.

இன்ஜினியர் மேல் தவறில்லை. கட்டட விதிகள் அப்படித்தான் இருக்கின்றன. எத்தனை குடித்தனம், எத்தனை சதுர மீட்டர் என்று கணக்குப் பார்த்து, அதற்கு இத்தனை வண்டி நிற்க மனைக்குள்ளேயே இடம் காட்ட வேண்டும் என்கின்றன. காட்டினால்தான் பிளான் பாஸாகும். ஆனால் மாமா கேட்ட கேள்வி அந்த ஒரு வீட்டோடு முடிகிற கேள்வி இல்லை. பாண்டிச்சேரி டவுனை ஒட்டி இடித்துக் கட்டப்படும் ஒவ்வொரு பழைய தெருவிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. வராத காருக்காகத் தெருவின் முகத்தை ஏன் கொடுக்கிறோம்?

வில்லியனூரைக் கிராமம் என்று சொல்வது இப்போது பழக்கதோஷம்தான். கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயர் அப்படியே இருக்கிறது. ஊர் அப்படியே இல்லை. பாண்டியிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. விழுப்புரம் சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1879-லேயே ரயில் வந்துவிட்ட தடம் இது. தாலுகா அலுவலகமும் கொம்யூன் அலுவலகமும் இங்கே இருக்கின்றன. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் இதுதான் சந்தை, இதுதான் மருந்துக்கடை, இதுதான் நகைக்கடை. டவுனில் மனை விலை எட்டாதவர்கள் மேற்கே நகர்ந்து நகர்ந்து இங்கே வந்து சேர்கிறார்கள். வயலாக இருந்த இடத்தில் நகர்கள் முளைக்கின்றன. கோயிலைச் சுற்றியுள்ள பழைய வீதிகளில் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, அந்த இடத்தில் மாடி வீடுகள் எழுகின்றன. இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஒழுகும் வீட்டில் இருப்பவர்களிடம் போய்ப் பாரம்பரியம் பேச எனக்கு மனம் வராது. எழுகிற கட்டடம் தெருவை எப்படிப் பார்த்து நிற்கிறது என்பதுதான் என் கவலை.

மாமா வீட்டுக்கு மூன்றாவது வீடு இப்படித்தான் இரண்டு வருடம் முன்பு எழுந்தது. கீழே தூண் தளம், வாசலில் இரும்புக் கதவு. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கத் தளத்தை உயர்த்தினார்கள். உயர்த்திய தளத்துக்குக் கார் ஏற வேண்டுமே, அதற்காக ஒரு காங்கிரீட் சரிவு போட்டார்கள். சரிவுக்கு மனைக்குள் நீளம் போதவில்லை. தெருவுக்குள் மூன்றடி இறங்கிவிட்டது. அந்த மூன்றடிக்குள்தான் பக்க வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலின் மேல் பலகை அடித்து காங்கிரீட் கொட்டி மூடினார்கள். அடைப்பு எடுக்க ஒரு மூடிகூட விடவில்லை. அடுத்த மழைக்குத் தண்ணீர் அங்கே முட்டித் திரும்பி, இரண்டு சாரியிலும் இன்னும் பழைய மட்டத்திலேயே இருக்கும் ஓட்டு வீடுகளுக்குள் போனது. மாமா வீட்டில் அண்டா போதாமல் முறம் வைத்து இறைத்தார்கள்.

இத்தனையும் செய்து ஏற்படுத்திய தூண் தளத்தில் இன்று கார் இல்லை. தெரு குறுகல், திருப்பி ஏற்றுவது சிரமம். காரை வாங்கியவர் அதை மாட வீதி முனையில் விட்டுவிட்டு நடந்து வருகிறார். தூண் தளம் பாதி குடோன், பாதி ஜெராக்ஸ் கடை. இது அந்த வீட்டுக்காரரின் தனிப்பட்ட குணக்கேடு இல்லை. இந்தப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் இதைப் பார்க்கலாம். வண்டிக்கென்று காட்டிய இடத்துக்கு வாடகை வருகிறது. சாலையில் நிறுத்த வாடகை இல்லை. யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்கிறார்கள்.

ஒரு கார் தரையில் எவ்வளவு இடம் கேட்கிறது என்று நாம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதே இல்லை. டெல்லியின் 2021 பெருந்திட்டம் வைத்திருக்கும் அளவைச் சொல்கிறேன். திறந்த வெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 28. நிலத்தடித் தளத்தில் 32. வண்டி நிற்கும் கட்டம் மட்டுமல்ல, அது உள்ளே வந்து திரும்பி வெளியேறும் வழியும் இதில் சேர்த்தி. இதோடு இன்னொரு அளவை வைத்துப் பாருங்கள். 2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உள்பரப்பு 30 சதுர மீட்டர் வரை என்று வைத்திருந்தார்கள். ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, படுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் இடமும், நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கும் ஒரு வண்டியின் இடமும் ஏறக்குறைய ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 100 வீடுகளுக்கு ஐந்தில்கூட கார் இல்லை. அதற்குப் பிறகு கூடியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனாலும் வில்லியனூர் கடைத்தெருவில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தால் தெரியும்: இது இருசக்கர வண்டிகளின் ஊர், பஸ்ஸின் ஊர், டெம்போவின் ஊர். ஒரு கார் நிற்கும் கட்டத்தில் ஆறு பைக்குகள் நிற்கும். விதியின் கணக்கு மட்டும் காரிலேயே நடக்கிறது.

அந்தக் கார் இடத்துக்கான காசை யார் தருகிறார்கள்? மாமா வீட்டு மாடியில் நாளை குடிவரப்போகிறவர் தருவார். தூண், தளம், காங்கிரீட் எல்லாம் சேர்ந்துதான் வாடகை. கார் இல்லாதவரும் அடுத்தவர் காருக்கான இடத்துக்கு மாதாமாதம் கட்டுவார். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பாடம் நடத்திய டொனால்டு ஷூப் இதைத்தான் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். இலவச வாகன நிறுத்தத்தின் உண்மையான விலை பற்றி 2005-ல் அவர் எழுதிய பெரிய நூல் பல ஊர்களின் விதிகளை மாற்றியது. வண்டி நிறுத்தம் இலவசம் என்றால் அதன் செலவு வீட்டு வாடகைக்குள்ளும் அரிசி விலைக்குள்ளும் போய் ஒளிந்துகொள்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். 2017-ல் மெக்சிகோ நகரம், கட்டடங்களுக்குக் குறைந்தது இத்தனை வண்டி இடம் வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டு, இதற்கு மேல் கூடாது என்ற வரம்பை வைத்தது. ஷூப் 2025 பிப்ரவரியில் காலமானார். அவரைப் பற்றி நம் ஊர்ப் பத்திரிகைகளில் அதிகம் வரவில்லை, வந்திருக்க வேண்டும்.

இனி அத்தை, மாமாவின் மனைவி. அவருக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு திருக்காமீஸ்வரர் கோயிலுக்கு நடந்தார். இளவயதில் தினம் நடந்த வழிதான். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஓரமாக நடந்தவர் ஒன்பது முறை நடுச்சாலைக்கு இறங்க வேண்டியிருந்தது. வரிசையாக விட்ட பைக்குகள், கடை வாசலில் சரக்கு இறக்கும் மினி வேன், நின்று ஆள் ஏற்றும் டெம்போ, காரின் திறந்த கதவு, யாரோ போட்ட சரிவு. ஒவ்வொரு முறையும் நின்று, பின்னால் திரும்பிப் பார்த்து, என் கையை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி இறங்கி, திரும்ப ஏறினார். கோபுர வாசலுக்கு வந்ததும் மூச்சு வாங்க நின்று சொன்னார்: "தேரு சுத்தற வீதியில மனுசன் சுத்த முடியலையேப்பா."

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை எனக்குச் சொல்லத் தெரியாது.

தேர் சுற்றுகிற நாளை நினைத்துப் பாருங்கள். கோகிலாம்பிகை உடனுறை திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிப்பது மரபு. பிரெஞ்சு ஆட்சியில் அன்றைய ஆளுநர் வந்து பிடித்ததன் தொடர்ச்சி அது. அதற்கு முதல் நாள் மாலையிலிருந்தே வீதி மாறத் தொடங்கும். மாட வீதிகளில் ஒரு வண்டி இருக்காது. கடைகள் முன்னால் இழுத்துவிட்ட தகரக் கூரைகளை உள்ளே மடக்கிக்கொள்ளும். மின்கம்பிகளை இறக்கி வைப்பார்கள். காலையில் வந்து பார்த்தால் இவ்வளவு அகலமா நம் வீதி என்று ஆச்சரியமாக இருக்கும். தேர் மூலையில் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தின் அருகிலேயே குனிந்தபடி ஓடுவார்கள். தேர் அரை அடி முன்னே, அரை அடி பக்கவாட்டில் என்று நகர்ந்து திரும்பும். வீதியின் அகலமும் மூலையின் வளைவும் அந்தத் திருப்பத்துக்காகவே விடப்பட்டவை. கல்யாணமாகி வெளியூர் போன பெண்களெல்லாம் வந்திருப்பார்கள். திண்ணை இருக்கிற வீடுகளில் பெரியவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். தூண் தளம் இருக்கிற வீடுகளில் இரும்புக் கதவு சாத்தியிருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் நிற்பார்கள்.

சுற்று முடிந்ததும் 'தேர் நிலைக்கு வந்தது' என்போம். இந்தச் சொல்லை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒருநாள் ஓடுகிற தேர், மற்ற நாளெல்லாம் எங்கே நிற்க வேண்டும் என்பதை வீதி அமைத்தவர்கள் அன்றே முடிவுசெய்து அதற்கென்று ஒரு நிலை ஒதுக்கிவிட்டார்கள். அவ்வளவு பெரிய தேர் நிற்கிறது. யார் வீட்டு வாசலையும் அடைக்கவில்லை, யார் கடையையும் மறைக்கவில்லை. தேரடி என்று ஒரு இடம் ஊருக்கு அடையாளமே ஆகிவிட்டது. ஓடுகிற வண்டிக்கு வீதியும் நிற்கிற வண்டிக்கு நிலையும் வேறுவேறு என்பது நமக்குப் புதிய பாடமில்லை.

மாதா கோயில் பெருவிழாவிலும் இதுதான் நடக்கிறது. ஈஸ்டருக்குப் பிந்தைய அந்த நாட்களில் லூர்து அன்னை ஆலயத்துக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள்; நடந்தே வருகிறவர்களும் உண்டு. வண்டிகளைத் தள்ளியே நிறுத்தச் சொல்கிறார்கள், எல்லோரும் நடக்கிறார்கள். ஆலயத்துக் குளத்தைச் சுற்றிக் குழந்தைகள் ஓடுகிறார்கள். ஊர் அந்த நாட்களில் இயல்பாக மூச்சுவிடுகிறது.

டவுன் பக்கம் வருவோம். பாண்டிச்சேரியின் நேர் நேரான தெருக்களுக்கு அடிப்படைக் கோடு, 1690-களில் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது வரைந்தது. 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கட்டடங்களைத் தரைமட்டமாக்கினார்கள். 1765 முதல் பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தான் ஆட்சியில் திரும்பக் கட்டியபோது பழைய தெருக் கோடுகளின் மேலேயே ஊர் மறுபடி எழுந்தது. வீடுகள் போயின, தெரு நின்றது. இன்று நாம் ஒரு மனைக்குக் கொடுக்கும் அனுமதி ஐம்பது, அறுபது வருடத்துக்கு இருக்கும். அந்த மனைக்கு முன்னாலிருக்கும் தெருவுக்கு நாம் செய்கிற சேதம் அதைவிட நீண்டகாலம் இருக்கும்.

தமிழர் பகுதியில் வைசியாள் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் துணையோடு, இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு முன்னின்று அந்தத் தெருவின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. தாழ்வாரம், மரத் தூண், திண்ணை எல்லாம் பழையபடி எழுந்தன. அந்தப் பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஒரு தமிழ்த் தெருவின் அழகு தனித்தனி வீட்டில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்று காட்டிய வேலை அது. தாழ்வாரம் வீட்டுக்காரர் மனையில் இருக்கும், நிழல் வழிப்போக்கருக்கு விழும். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் திண்ணையை ஒட்டி பைக்குகள் நெருக்கமாக நிற்கின்றன. முகப்பை மீட்டோம், முகப்புக்கு முன்னால் இருக்கும் ஆறடியை இன்னும் மீட்கவில்லை.

மீட்க முடியாத ஒன்றும் இல்லை. கடற்கரைச் சாலையில் தினமும் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விடுவதில்லை. ஊரின் மிகப்பெரிய கூட்டம் கூடுகிற நேரம் அதுதான். சுண்டல்காரரும் பொம்மைக்காரரும் அங்கே பிழைக்கிறார்கள். ஆனால் அந்தச் சாலையில் நிற்காத வண்டிகள் பக்கத்துத் தெருக்களில் போய் அடைகின்றன. பழைய துறைமுக வளாகத்தில் இடம் இருந்தாலும், நடை குறைவு என்று தெருவிலேயே விடுகிறார்கள். நேரு வீதிக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே பழைய சிறைச்சாலை இருந்த இடம் நிறுத்தமாக இருக்கிறது. அதற்கு ஐம்பதடி தள்ளி, கூடாது என்ற பலகைக்குக் கீழேயே வண்டிகள் நிற்பதையும் பார்க்கிறோம். இடம் கட்டினால் மட்டும் போதாது, தெருவோரம் இலவசமாக இருக்கிறவரை கட்டிய இடம் நிறையாது. சென்னை தி.நகரும் இதைக் கண்டது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். பக்கத்திலேயே 200-க்கு மேற்பட்ட கார்களுக்கும் 500-க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கும் அடுக்கு நிறுத்தம் எழுந்தது. நடைபாதை ஜெயித்தது, வண்டிகளோ முதலில் தேடிப் போனது உள்தெருக்களைத்தான்.

ஜப்பான் வேறு வழியில் போனது. 1962-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கார் வாங்க வேண்டுமானால், அதை நிறுத்த சாலையல்லாத ஓர் இடம் தன்னிடம் இருக்கிறது என்று காவல்துறையிடம் சான்று பெற வேண்டும். இன்றைய விதிப்படி அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சொந்த மனையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. மாத வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். அதனால்தான் டோக்கியோவின் சந்துகளில் பெரியவர்கள் நிம்மதியாக நடக்கிறார்கள், பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்குப் போகிறார்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அங்கே நிறுத்தும் பொறுப்பு காரோடு சேர்ந்து வருகிறது. இங்கே நாம் அதை வீட்டின் தலையில் ஏற்றியிருக்கிறோம். கார் வாங்காத மாமா நாலு கார் இடம் கட்ட வேண்டும். கார் வாங்குகிறவர் எங்கே நிறுத்துவார் என்று கேட்பாரில்லை.

கடைக்காரர்களின் அச்சம் எனக்குத் தெரியும். என் சித்தப்பா இதே கடைத்தெருவில் முப்பது வருடம் பாத்திரக்கடை வைத்திருந்தார். வாசலில் வண்டி விட முடியாவிட்டால் வாடிக்கை போய்விடும் என்பது அவர்களுடைய உயிர்ப் பயம். டவுனின் பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு வியாபாரிகள் வருடக்கணக்கில் எதிர்ப்புக் காட்டியதும், இடம் மாறினால் பிழைப்பு போகும் என்ற பயத்தினால்தான். அந்தப் பயத்தை அலட்சியம் செய்து எந்தத் திட்டமும் போடக்கூடாது. ஆனால் சித்தப்பா கடை வாசலில் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். காலை கடை திறக்கும்போது வாசலில் நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் இரவு கடை சாத்தும்போதும் அங்கேயேதான் நின்றன. அவை சித்தப்பாவின் வண்டி, கடைப் பையன்களின் வண்டி, பக்கத்துக் கடைக்காரர் வண்டி, இங்கே விட்டுவிட்டு பஸ் ஏறி டவுனுக்கு வேலைக்குப் போனவரின் வண்டி. குக்கர் வாங்க வந்த அம்மா வண்டியை விட இடமில்லாமல் தள்ளிக்கொண்டே போனார். கால் மணி நேரத்துக்கு வருகிறவருக்கு வாசல் வேண்டும், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவருக்கு நிலை வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தாலே வியாபாரத்துக்கு நல்லது.

பிரிப்பதற்குக் கட்டணம்தான் கருவி. 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, நிறுத்தக் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. முதல் அரை மணி நேரம் சும்மா, பிறகு நேரம் ஏற ஏறக் கட்டணம் என்று வைத்தால் வாசல் தானாகக் காலியாகும். வசூலாகும் காசு எங்கே போகிறது என்பதுதான் ஜனங்களின் சந்தேகம், நியாயமான சந்தேகம். கலிபோர்னியாவில் பழைய பசடேனா கடைத்தெருவில் 1993-ல் நிறுத்த மீட்டர் வைத்தபோது வியாபாரிகள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கிடைக்கிற காசு அந்தத் தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்குமே என்று எழுதிக் கொடுத்த பிறகு ஒத்துக்கொண்டார்கள். பாழடைந்து கிடந்த தெரு எழுந்து நின்றது. வில்லியனூர் மாட வீதியில் வசூலாகும் காசு, மாட வீதியின் வாய்க்கால் மூடிக்கும் கழிப்பறைக்கும் என்று அறிவித்தால் கடைக்காரர்களே முன்வந்து நடத்துவார்கள் என்று நம்புகிறேன்.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் சிறு மனையில் வீடு கட்டுகிறவரிடம் கார் இடம் காட்டு என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். அதற்குப் பதிலாகத் தெருவுக்கு முகம் காட்டச் சொல்ல வேண்டும்: திண்ணையோ, கடையோ, சன்னலோ, ஏதோ ஒன்று மனிதர் கண் இருக்கிறதாக. சரிவு போட்டால் அது மனைக்குள்ளேயே முடிய வேண்டும். வாய்க்கால் மேல் ஒரு அங்குலம் வரக்கூடாது. விதி தளர்வதால் கையில் மிச்சமாகும் காசில் ஒரு பங்கைக் கொம்யூன் வாங்கிக்கொண்டு, கடைத்தெருவுக்கு ஐந்து நிமிட நடைத் தூரத்தில் பொது நிறுத்தம் ஒன்றை அமைக்கட்டும். அரசு நிலம் பார்க்கும்போது குளத்தின் மேலும் ஏரிக்கரையின் மேலும் கண் போகக்கூடாது. அந்த நிறுத்தத்தில் பைக்குக்கு முதலிடம். ரயில் நிலையத்தின் அருகிலும் ஒன்று வேண்டும். டவுனுக்குப் போகிறவர் அங்கே வண்டியை விட்டு ரயிலோ பஸ்ஸோ ஏறுவதற்கு வசதி வேண்டும். அந்தத் தடத்தில் ரயில்கள் குறைவு. காலையிலும் மாலையிலும் கூட்டினால் நேரு வீதியில் இடம் தேடி அலையும் வண்டிகளில் பல, வில்லியனூரிலேயே நின்றுவிடும். டவுனின் நெரிசலை டவுனுக்குள் மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. அங்கே அலைகிற வண்டிகளில் எங்கள் ஊர் வண்டிகளும் உண்டு.

யாரிடம் கேட்பது என்பதில்தான் மனம் கசக்கிறது. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18-ம் தேதி 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு இணைவதா இல்லையா என்று வாக்களித்தார்கள். 170 பேர் இணைய வேண்டும் என்றார்கள். அந்தப் பிரதிநிதிகளில் சட்டமன்ற உறுப்பினர்கள் மட்டுமல்ல, நகரசபை உறுப்பினர்களும் இருந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியில் 1880-லேயே உள்ளாட்சி அமைப்புகளைக் கண்ட மண் இது. அந்த மண்ணில் 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேர்தல் அறிவிப்பு வந்தும் நடக்கவில்லை. நாட்டின் எல்லையையே தீர்மானித்த ஊர்க்காரர்களுக்கு, தங்கள் தெருவோரம் எந்த வண்டி நிற்கலாம் என்று தீர்மானிக்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. அதிகாரிகள் நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் அத்தை ஒன்பது முறை இறங்கி ஏறியதைப் போய்ச் சொல்ல, நம் தெருவில் வந்து ஓட்டுக் கேட்ட ஆள் ஒருவர் வேண்டும். வாய்க்காலை மூடியபோதே, அண்ணே இது கூடாது என்று வாசலில் வந்து நின்று சொல்ல ஒருவர் வேண்டும்.

திரும்ப மாமா வீட்டுக்கு வருகிறேன். பிளானைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தார். தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "திண்ணை எங்க?" என்று கேட்டார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தை சாயங்காலம் பூ கட்டுவது அந்தத் திண்ணையில்தான். எதிர்வீட்டுக் கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொள்வதும், தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தது என்று பார்ப்பதும் அங்கேதான்.

மறுவாரம் மாமா போனில் கூப்பிட்டார். இன்ஜினியரிடம் போயிருக்கிறார். இரண்டு குடித்தனம் குறைத்தால் கார் கட்டமும் குறையுமா என்று கேட்டிருக்கிறார். வாடகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்றிருக்கிறார். பார்க்கலாம் என்றாராம் அவர். வாசலை ஒட்டி எட்டடி நீளம், இரண்டடி அகலத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். அது பாஸாகுமா என்று இன்னும் தெரியவில்லை. தாள் அலுவலகத்தில் இருக்கிறது.